மண்நாடி சின்னதுரையும் நாலு தேக்குத் தூண்களும்

புனே விமான் நகரில் ஒரு கட்டடத்தின் லிஃப்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசை நின்றது. கோயிலுக்கு நின்றால் புரியும். சினிமாவுக்கு நின்றால் புரியும். இவர்கள் கையில் மண்ணை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் டிபன் பாக்ஸில் கொண்டுவந்திருந்தார். ஒரு அம்மாள் பாகர்வடிப் பலகாரம் வாங்கிய பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்து அதில் நிரப்பி வந்திருந்தார். இன்னொருவரின் லேப்டாப் பையில் லேப்டாப் இருக்கவேண்டிய இடத்தில் மண் இருந்தது. எல்லோரும் கை நிறையச் சம்பளம் வாங்குகிற புனேத் தமிழர்கள். எல்லோர் நகக்கண்ணிலும் அழுக்கு. பெருக்கிப் பெருக்கி அலுத்துப்போன காவலாளி, "லிஃப்டில் மண் சிந்தாதீர்கள்" என்று மராத்தியில் எழுதி ஒட்டியிருந்தார்.

நாலாவது மாடியில்தான் மண்நாடி சின்னதுரை ஐயா தரிசனம் தந்துகொண்டிருந்தார். மனிதனுக்குக் கையில் நாடி ஓடுவதுபோல மண்ணுக்கும் ஓடுகிறதாம். பழைய வீடு வாங்கியவர்கள் அதன் நடுக்கூடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்தால், அதைப் பித்தளைச் செம்பில் போட்டு, கண்ணை மூடி, இரண்டு விரலால் தொட்டு, அந்த வீட்டில் வாழ்ந்தவன் செத்தவன் கதையெல்லாம் சொல்லிவிடுவாராம். இதற்குத் தட்சணை கிடையாது. காசு வாங்கினால் நாடி நின்றுவிடும் என்றார். புனேயில் வண்டி நிறுத்தவே காசு கேட்கிறார்கள். இவர் ஒன்றும் கேட்கவில்லை என்றதும் ஜனங்கள் உருகிப்போனார்கள்.

பழைய வீடு வாங்குவது அப்போது அந்தக் கூட்டத்தில் பரவியிருந்த ஒரு காய்ச்சல். ஐ.டி. கம்பெனிகள் குவிந்த ஹிஞ்சேவாடிப் போக்குவரத்தில் கம்பெனி கேப் நகராமல் நிற்கும் நேரத்தில், யாரோ எங்கேயோ பாழடைந்த வீட்டை வாங்கிப் பளபளவென்று ஆக்கும் வீடியோக்களைப் பார்ப்பார்கள். பார்த்துப் பார்த்து ஒருநாள் தாங்களும் ஒன்றை வாங்கிவிடுவார்கள். வாங்கிய பிறகுதான், வீடியோவில் கூரை ஒழுகுவதை வேகமாக ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள் என்பது புரியும்.

டேனியல் அப்படித்தான் புனேக்கு வடக்கே ஜுன்னரில் ஒரு வீடு வாங்கினான்.

டேனியலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவனே தன்னைப் பற்றி நிறையச் சொல்லிக்கொள்வான். கட்கியில் பிறந்தவன். அப்பா ஆரோக்கியசாமி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டேனியலுக்கு சாஃப்ட்வேர் டெஸ்டர் உத்தியோகம். மற்றவன் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை என்று தோண்டி எடுப்பதுதான் அவன் பிழைப்பு. "எதையும் நம்பாதீர்கள், அழுத்திப் பாருங்கள்" என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பு வேறு எடுப்பான். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிய ஆட்டோவில் ஏறினால் இறங்கும்வரை டிரைவருக்கு அறிவியல் பாடம் நடக்கும். குடும்ப வாட்ஸ்அப்பில் யாராவது வெந்தய வைத்தியம் அனுப்பினால் அது பொய் என்று காட்டும் லிங்க் பின்னாலேயே போய்ச் சேரும். அவன் வாயை மூடவைக்க அத்தைமார்கள் ஜெபமே செய்தார்கள்.

இவ்வளவு பெரிய புத்திசாலி சின்னதுரையிடம் எப்படிப் போய் விழுந்தான் என்று கேட்பீர்கள். சின்னதுரை தமிழில் விழவைத்தார். பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு மராத்தி ஜோசியர் வந்திருந்தால் டேனியல் சிரித்தே துரத்தியிருப்பான். சின்னதுரை ஐயாவோ சித்தர் பாட்டு என்று ஏதோ நாலு வரி சொன்னார். டேனியலுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. புரியாததெல்லாம் ஆழமாகத் தெரிந்தது. தமிழ்ப் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் அவன். பெருமை மட்டும் கூட்டாமலே வந்தது. இது மூடநம்பிக்கை இல்லை, நம் முன்னோரின் மண் அறிவியல் என்று கேப்பில் பக்கத்து சீட்டுக்காரனுக்கு ஹிந்தியில் விளக்கம் கொடுத்தான்.

அவனை அங்கே அனுப்பியது அவனுடைய டீம் லீட் அனந்தராமன். சாஸ்வட்டில் வீடு வாங்கியவர். சின்னதுரை ஐயாவின் முதல் பக்தர்களில் ஒருவர்.

டேனியல் முதல் தடவை போன அன்று நடந்ததைக் கேளுங்கள். கூடத்தில் எல்லோருக்கும் நடுவில் வைத்துத்தான் சொல்லுவார் சின்னதுரை. ஒருவர் பலனை மற்றவர்கள் கேட்டு வியக்கவேண்டாமா?

"வாரும் தம்பி, உக்காரும். வேதக்காரப் பிள்ளையோ?" என்று டேனியல் கழுத்திலிருந்த சிலுவையைப் பார்த்துக் கேட்டார். "ஒண்ணுமில்ல. மண்ணுக்கு மதம் கெடையாதுல்லா."

ஜுன்னர் மண் செம்பில் விழுந்தது. இரண்டு விரல் உள்ளே போயிற்று.

"நடுவுல வெளிச்சம் விழுத வீடு. சரியா?"

"ஆமா ஐயா! நடுவுல ஓப்பன். சுத்தி நாலு தூண் இருக்கு. பக்கா தேக்கு. மேல வாழைப்பூ மாதிரி கார்விங்."

"தூணு. அதத்தான் மண்ணு சொல்ல வருது. நாலு தூணு."

டேனியலுக்குப் புல்லரித்தது. எத்தனை தூண் என்பதுவரை சொல்கிறாரே!

"மேக்கால ஒரு கெணறு இருக்கணுமே?"

"இல்லையே ஐயா."

"இப்ப இல்ல. தூத்துட்டானுவ."

யாரோ எப்போதோ தூர்த்துவிட்ட அந்தக் கிணற்றை நினைத்து டேனியல் வருத்தப்பட்டான்.

"ஒரு பொம்பள அழுத வீடு" என்றார் சின்னதுரை, குரலைத் தாழ்த்தி. கூடம் உச்சுக்கொட்டியது. நூறு வருஷத்து வீட்டில் ஒரு பெண்கூட அழாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. "தூணுல சாஞ்சுதான் அழுதுருக்கா. கண்ணீரு மரத்துல எறங்கிட்டு. கல்லுன்னா தாங்கும், மண்ணுன்னா கரைச்சிரும். தேக்கு விடாது பாத்துக்கிடும். அதுல எண்ணெ இருக்குல்லா."

எண்ணெய் என்றதும் டேனியலுக்குத் திருப்தி. ரசாயனக் காரணம் கிடைத்துவிட்டது.

"அப்போ என்ன பண்ணணும் ஐயா?"

"தூணைக் கழட்டி கிருஷ்ணா நதியில விடணும். கழட்டிக் குடுத்தாப் போதும், நீரா ஆத்துக்குக் கொண்டுபோவப்பிடாது. நம்ம சுனில் டெம்போ கொண்டாருவான், அவனே பாத்துக்கிடுவான். கூரைக்கு இரும்புக் கொழா நட்டுக்கிடும். இரும்புல சாபம் ஏறாது."

வாசலில் நின்ற சுனில், கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்துகொண்டு, அடுத்த வாரத் திங்கள்கிழமை காலியாக இருக்கிறது என்றான். டேனியல் அவன் கையைப் பிடித்து நன்றி சொன்னான்.

வீட்டுக்கு வந்து மனைவி ஸ்டெல்லாவிடம் சொன்னான். அவர்கள் வாடகைக்கு இருந்தது பிம்ப்ளே சௌதாகரில், பதினோராவது மாடியில். ஸ்டெல்லா கன்டோன்மென்ட் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"தூணை எடுக்கணுமா? எந்த மடையன் சொன்னான்?"

"மடையன்னு சொல்லாத ஸ்டெல்லா. நாலு தூண்னு கரெக்டா சொன்னார்."

"அவர் சொன்னாரா, நீ சொன்னியா?"

டேனியல் யோசித்தான். "ஒரு ஃப்ளோல வந்துச்சு."

ஸ்டெல்லாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. அவள் பிறந்தது தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில்; சுவரில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்ட வீடு. கல்யாணமாகி வந்த பிறகு வாடகை வீடுகள். அங்கும் ஆணி அடிக்க முடியாது. ஜுன்னர் வீட்டைப் பார்க்கப் போனபோது ஓடு உடைந்திருந்தது, பின்சுவர் சாய்ந்திருந்தது, சமையலறையில் அரசமரம் முளைத்திருந்தது. அவள் நடுக்கூடத்துக்குப் போய் ஒரு தூணை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, "டேனி, வேற வீடு பாக்க வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அந்தத் தூணுக்காகத்தான் இரண்டு பேரும் சேமிப்பையெல்லாம் வழித்து அந்த வீட்டில் போட்டார்கள்.

"எனக்குன்னு நானே தொட்டுப் பாத்து எடுத்த வீடு அது ஒண்ணுதான், டேனி. அதை எவனோ டெம்போல ஏத்திட்டுப் போவான், நீ பாத்துட்டு நிப்பியா?"

"உன் நல்லதுக்குத்தான்..."

"அனந்தராமன் சாருக்கு என்ன சொன்னாரு உன் ஐயா?"

"வாசக்கதவு. அப்புறம் ரெண்டு தூண்."

"எந்த மரம்?"

"தேக்கு."

"உன் கேப்ல வருவாரே, சிர்வள்ல வீடு வாங்குனவரு?"

"ஊஞ்சல் பலகை." டேனியல் கொஞ்சம் தயங்கினான். "அதுவும் தேக்குதான்."

"அதென்ன டேனி, சாபம் தேக்குல மட்டும் ஏறுது? சிமென்ட்டுல ஒருத்திகூட சாஞ்சு அழலையா?"

டேனியலுக்கு அனந்தராமன் வீடு ஞாபகம் வந்தது. போன மாதம் காட்டக் கூட்டிப்போயிருந்தார். கதவு இருந்த இடத்தில் தகரம், தூண் இருந்த இடத்தில் இரும்புக் குழாய். "இப்போ எனர்ஜி எப்படி ஓடறது பாத்தியா!" என்று பூரித்தார். ஓடியது. கதவில்லாத வாசல் வழியாக நாய்கூட ஓடியது.

"ஆபீஸ்ல ஒரு பட்டனை அழுத்திப் பாக்காம வெளிய விடுவியா?" என்றாள் ஸ்டெல்லா.

"சான்ஸே இல்ல."

"அப்போ இந்த ஆளை அழுத்திப் பாரு."

சோதனை அவளுடையது. பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருந்தது. அதில் இருந்தது நர்சரியில் மூட்டையாக விற்கிற கலவை. தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும். அதையே கிளறி மூன்று பாக்கெட் போட்டாள். ஒன்று தனக்கு. ஒன்று தங்கை கீர்த்திக்கு. அவள் விமான் நகர் ஹோட்டல் ஒன்றில் வரவேற்பில் இருப்பவள். மூன்றாவது டேனியலுக்கு. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் தெரியாதவர்கள் மாதிரி தனித்தனியாக வரிசையில் நிற்கவேண்டும். மறுநாள் திங்கள்கிழமை டெம்போ ஜுன்னருக்குப் போக இருந்தது.

"ரூல் ஒண்ணுதான்" என்றாள். "அவரு எது கேட்டாலும் தெரியாதுன்னு மட்டும் சொல்லணும்."

"அவ்ளோதானா?" என்றான் டேனியல்.

"உனக்கு அதுதான் கஷ்டம்."

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. முதலில் ஸ்டெல்லா போய் உட்கார்ந்தாள்.

"வடக்கால ஏதோ தண்ணி தெரியுதே. இருக்கா?"

"தெரியாது ஐயா."

"பெரிய வீடோ?"

"தெரியாது."

சின்னதுரை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். எதிரில் இருப்பவர் எடுத்துக் கொடுக்காமல் அவருக்குப் பலன் சொல்லிப் பழக்கமில்லை. மண் ரொம்பத் தயங்கித்தான் பேசியது. "பிளேக்கு வந்த வீடு. மூணு பொணம் போயிருக்கு. மேல ஓடுத உத்தரத்துலதான் கெடக்கு சாபம். தேக்கு உத்தரம்."

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. கொஞ்ச நேரம் கழித்து கீர்த்தி. அவளுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். சின்னதுரை என்ன கேட்டாலும், "பதா நஹி அங்கிள், மண்ணு குடுத்து அனுப்பிச்சாங்க" என்று ஹோட்டல் சிரிப்பு ஒன்றைச் சிரித்தாள். அவளுடைய பாக்கெட்டில் குதிரை லாயம் வந்தது. ஒரு வெள்ளைக் குதிரை பட்டினி கிடந்து செத்ததாம். சாபம் லாயத்தின் கதவில். தேக்குக் கதவு.

கடைசியில் டேனியல்.

"என்ன தம்பி, நாளைக்கி சுனில் வாரான்லா? இதென்ன புது மண்ணு?"

"சொந்தக்காரர் வீடு ஐயா."

"எந்த ஊரு?"

"தெ... தெரியாது."

சின்னதுரை கண்ணை மூடினார். "அண்ணன் தம்பி சண்டை போட்ட வீடு. அண்ணங்காரன் மனசு இன்னும் ஆறல. படிக்கட்டுல நின்னு சபிச்சிருக்கான். தேக்குப் படிக்கட்டு."

இப்போது நம் டேனியலின் வீரத்தைப் பாருங்கள். அது தன் வீட்டுப் பால்கனித் தொட்டி என்று அவனுக்குத் தெரியும். கிளறும்போது பக்கத்தில் நின்று கவரைப் பிடித்தவனே அவன்தான். ஆனாலும் அண்ணன் கிரேக்கோடு இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது ஞாபகம் வந்துவிட்டது. ஒருவேளை நர்சரி மூட்டைக்குள்... ஒருவேளை தேங்காய் நாருக்கும்... மூன்றும் ஒரே தொட்டி மண் என்று எழுந்து சொல்லவேண்டியவன் அவன்தான்; அந்த வாசகத்தை வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தான். வாயில் வந்தது வேறு. "அண்ணன்கிட்ட போன் பண்ணிப் பேசட்டுமா ஐயா?" என்று கேட்டுவிட்டான்.

ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டு எழுந்தாள். கதவோரம் துணிப்பையில் வைத்திருந்த கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கிவந்து பித்தளைச் செம்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான் இவரு சம்சாரம். அவ என் தங்கச்சி. மூணு பாக்கெட்டும் இந்த ஒரு தொட்டியில எடுத்தது. எங்க பால்கனியில இருந்தது. இதுல உத்தரம் எங்க இருக்கு, கதவு எங்க இருக்கு, படிக்கட்டு எங்க இருக்குன்னு கொஞ்சம் காட்டுறீங்களா?"

முதலில் வாயைத் திறந்தது ஒரு பக்தர். "கறிவேப்பிலைக்கும் பூர்வஜென்மம் இருக்குமில்லையா?"

சின்னதுரை அதைத் தாவிப் பிடித்துக்கொண்டார். "தொட்டி மண்ணும் ஒரு காலத்துல பூமி மண்ணுதானம்மா. எவன் எந்த வீட்டுல அள்ளுனானோ!"

அதானே என்று கூட்டம் பெருமூச்சு விட்டது. தப்பித்தது சின்னதுரை மட்டும் இல்லை. தாங்கள் முட்டாள் இல்லை என்று அவர்களுக்கும் ஆயிற்றே.

"சரி" என்றாள் ஸ்டெல்லா. "ஒரே மண்ணுல எனக்கு பிளேக், அவளுக்குக் குதிரை, இவருக்கு அண்ணன். மூணுல எது நிஜம்? போகட்டும், அதையும் விடுங்க. இது மண்ணே இல்ல. தேங்கா நாரும் புழு உரமும். மண்ணா நாரான்னே விரலுக்குத் தெரியல, அதுல ஓடுற நாடி தெரிஞ்சிதா?"

சின்னதுரை தன் இரண்டு விரலையும் பார்த்தார். நகத்தில் ஒரு நார் இழை ஒட்டிக்கொண்டிருந்தது. கூட்டமும் அதைப் பார்த்தது.

பின்வரிசையிலிருந்து அனந்தராமன் எழுந்தார். "அப்போ என் கதவு எங்கே?"

எல்லோரும் சுனிலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் ஏற்கனவே படிக்கட்டுப் பக்கம் நழுவிக்கொண்டிருந்தான். கீர்த்தி வழியை மறித்து மராத்தியில் இரண்டு வார்த்தை கேட்டாள். தனியாக மாட்டிக்கொள்ள அவனுக்கு ஆசையில்லை. அரைத் தமிழில் கொட்டிவிட்டான். நதியாவது கிதியாவது! கழற்றிய மரமெல்லாம் ஒரு குடோனுக்குப் போகும். அங்கிருந்து பழைய மராத்தி வாடா வீடு மாதிரி அலங்காரம் செய்துகொள்ளும் ஹோட்டல்களுக்குப் போகும். ஐயாவும் அவனும் சரிபாதி. சாஸ்வட் கதவு தூரமெல்லாம் போகவில்லை. அடுத்த தெருவில் புதிதாகத் திறந்த ஹோட்டல் வாசலில் நிற்கிறது.

அனந்தராமன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை பலன் கேட்டுவிட்டு அந்த ஹோட்டலில்தான் மிசல் சாப்பிட்டார். கதவின் வேலைப்பாட்டை மெச்சி அதன்முன் நின்று செல்ஃபி எடுத்தார். தன் வீட்டுக் கதவு வழியாகவே நுழைந்து, சாப்பிட்டு, பில் கட்டி, டிப்ஸும் வைத்துவிட்டு வந்திருந்தார் மனிதர்.

சத்தம் எழுந்தது. செம்பு உருண்டது. "ஃப்ராட்! சோர்! திருடன்!" என்று மூன்று மொழியில் திட்டினார்கள். சின்னதுரை மட்டும் பதறாமல் வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"நான் யாரு வீட்டுக்காவது வந்து தூணைப் புடுங்குனனா? நீங்கதான் கழட்டிக் குடுத்தீய. நான் சொன்னது கால்வாசி. முக்கால்வாசி நீங்களே சொன்னீய. கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

அவர் அங்கே பேசியதிலேயே உண்மை அது ஒன்றுதான். அதற்குத்தான் கூட்டத்துக்கு அதிகமாகக் கோபம் வந்தது. போலீஸ் வந்து இரண்டு பேரையும் கீழே கூட்டிப்போனபோது லிஃப்ட் வாசலில் இன்னும் சிலர் மண்ணோடு நின்றுகொண்டிருந்தார்கள். "இன்னைக்கு ஐயா பாக்கமாட்டாரா? அடுத்த வாரம் வரலாமா?" என்று போலீஸ்காரரையே கேட்டார்கள்.

திங்கள்கிழமை டேனியலும் ஸ்டெல்லாவும் லீவு போட்டுவிட்டு ஜுன்னருக்குப் போனார்கள். டெம்போ வரவில்லை, மழை வந்தது. உடைந்த ஓடு வழியாகத் தண்ணீர் கொட்டியது. டேனியல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒழுகும் இடமெல்லாம் ஓடினான். ஓடுகிறவன் நின்று, தூணில் சாய்ந்திருந்த ஸ்டெல்லாவைப் பார்த்தான்.

"நாலுன்னு நான்தான் சொன்னேன்" என்றான்.

"தெரியும்."

"ஸாரி."

"வாளி நிரம்பிடுச்சு பாரு."

அவளுக்குக் கோபம் முழுசாகத் தீரவில்லை. ஆனாலும் தூணிலிருந்து கொஞ்சம் நகர்ந்து அவன் சாய இடம் விட்டாள். அப்போது டேனியலின் போன் அதிர்ந்தது. அனந்தராமன் அனுப்பியிருந்தார். மகர்பட்டாவில் ஒருத்தர் வந்திருக்கிறாராம். மண்ணெல்லாம் பித்தலாட்டம், இவர் நீர்நாடி பார்க்கிறவர். வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுபோனால் போதும். இவரும் காசு வாங்குவதில்லையாம்.

டேனியல், "லொகேஷன் அனு" வரைக்கும் டைப் செய்துவிட்டான். ஸ்டெல்லா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு எழுத்தாக அழித்தான்.

மண்ணுக்கு நாடி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. உங்கள் தலைக்குள் மூளை இருப்பது மட்டும் நிச்சயம். அதை எப்போதாவது எடுத்து உபயோகியுங்கள், ஐயா. சும்மாவே கிடந்தால், சாபம் பிடித்த சரக்கு என்று யாராவது சொல்லுவான். நீங்களே கழற்றி, கைகொடுத்து, டெம்போவில் ஏற்றி அனுப்பிவிடுவீர்கள்.